பனிக்களத்தில் முதலில் விழுந்தவர்கள்

ஒருவர் கற்கும் கலை அவர் பிறந்த குலத்தாலும் மண்ணாலும் விதிக்கப்பட்டது என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. குயவர் மகனுக்குச் சக்கரமும் தச்சர் மகனுக்கு உளியும் கல்லாமலே கைவந்துவிடும் என்றும், பிறர் தலைகீழாக நின்றாலும் அவை வாரா என்றும் பெரியோர் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். இவ்வெண்ணம் சரியா, தவறா என்பதை வெறும் வாதத்தால் தீர்க்க முயல்வதைவிட, யாதேனும் ஒரு கலையின் சரித்திரத்தை எடுத்து, அதில் யார் யார் எவ்வாறு தேறினார்கள் என்று பார்ப்பதே நலம். அதற்காக, நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் கலை ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறோம். அது, பனிக்கட்டியின்மீது ஆணும் பெண்ணும் இணைந்து சறுக்கி ஆடும் போட்டிக் கலையாகும்.

வெயில் கொளுத்தும் நாட்டில் இருந்துகொண்டு பனிக்கட்டியைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் நகைக்கலாம். நாமும் ஒரு காலத்தில் நகைத்தவர்களே. சுபாங் ஜெயாவுக்குப் போய்வந்த பிறகு அந்நகைப்பு நின்றுவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையின் அருகே சுபாங் ஜெயா அமைந்திருக்கிறது. அந்த மண்ணுக்கு முன்னிருந்த பெயர் சீபீல்டு தோட்டம். இருட்டு விலகுமுன் எழுந்து, பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து நம்மவர் உழைத்த பூமி அது. 1976ஆம் ஆண்டு முதல் மரங்கள் வீழ்ந்தன, வீடுகள் எழுந்தன. அதன் பக்கத்தில், ஈயம் தோண்டி முடிந்தபின் குட்டைகளும் மணல்மேடுகளுமாகக் கிடந்த நிலத்தில் பண்டார் சன்வே உண்டாயிற்று. அங்கே 1997ஆம் ஆண்டில் சன்வே பிரமிட் என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. அதன் வாயிலில் பிரம்மாண்டமான சிங்கமுகம். உள்ளே ஆண்டு முழுதும் உருகாத பனிக்களம்.

பள்ளி விடுமுறையில் ஒரு மாலை அக்களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தோம். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்னும் பேதமின்றிப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டும் விழுந்துகொண்டும் இருந்தனர். தமிழ்ச் சிறுமி ஒருத்தி ஓரத்துக் கம்பியை இறுகப் பற்றியபடி அடிமேல் அடி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே அமர்ந்திருந்த பாட்டியார், "இந்தக் குளிரில் பிள்ளைக்குச் சளி பிடிக்காதா, ஐயா?" என்று நம்மிடம் கேட்டார். பேச்சுக் கொடுத்தபோது, தாம் இளவயதில் சீபீல்டில் பால் வெட்டியவர் என்றார். அதற்குள் சிறுமி கம்பியை விட்டாள், நான்கு அடி சென்றாள், விழுந்தாள், நம்மைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வீழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இணைச் சறுக்கு யாது?

இக்கலையின் தன்மையை முதலில் அறிந்துகொள்வோம். சறுக்குவோரின் காலணியின் அடியில் ஒரு இரும்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதன் அகலம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அடிப்புறம் நடுவில் குழிவாகத் தீட்டப்பட்டிருப்பதால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூரிய ஓரங்கள் அதற்கு உண்டு. உடலை இப்பக்கம் சாய்த்தால் ஒரு விளிம்பும் அப்பக்கம் சாய்த்தால் மற்றொரு விளிம்பும் பனிக்கட்டியைக் கவ்வும். சறுக்கலின் வளைவெல்லாம் இந்தச் சாய்வினால் உண்டாவது. முனையில் உள்ள பற்கள் தாவுவதற்கு உதவுகின்றன.

தனியாகச் சறுக்குவோர் தம் உடல் ஒன்றையே காத்தால் போதும். இணையாகச் சறுக்குவோர் நிலை வேறு. ஆண் தன் துணைவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, கத்திபோன்ற தகட்டின்மேல் சுழன்றுகொண்டே களத்தைக் கடக்கவேண்டும். மேலே வீசி, அவள் காற்றில் மும்முறை சுற்றிவரும்போது இடுப்பைப் பிடித்து இறக்கவேண்டும். வீச்சுத் தாவல் என்பதில் அவன் அவளை எறிகிறான். பல அடி தூரம் பறந்து சென்று, ஒற்றைக் காலில், பின்புறமாக, யார் பிடிப்புமின்றி அவள் இறங்குகிறாள். மரணச் சுழல் என்பதில் அவன் கால் ஊன்றிச் சுழல, அவன் கையொன்றைப் பற்றிய அவள், தலை பனிக்கட்டியை உரசுமளவு தாழ்ந்து அவனைச் சுற்றி வருகிறாள். இவற்றோடு, இருவரும் பக்கம் பக்கமாக நின்று, ஓருயிர் ஈருடல் போல ஒரே கணத்தில் தாவவும் சுழலவும் வேண்டும். போட்டி இரண்டு பகுதிகளாக நடைபெறும். முதலாவது குறுகிய ஆட்டம். இரண்டாவது ஏறக்குறைய நான்கு நிமிட நெடிய ஆட்டம். இரண்டிலும் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டி வெற்றி நிர்ணயிக்கப்படும்.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. பார்வைக்கு ஆணின் வலிமையே பெரிதாகத் தோன்றும். ஆனால் பிடி நழுவினால் உயரத்திலிருந்து விழுபவள் பெண். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த போட்டியொன்றில், ருஷ்ய நாட்டு தத்தியானா தோத்மியானினா துணைவர் தூக்கிய உயரத்திலிருந்து தலைகுப்புற வீழ்ந்து நினைவிழந்தார். அவரே மீண்டும் அதே துணைவரின் கையை நம்பி ஏறி, 2006ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அடுப்பங்கரைக்கு அப்பால் பெண்ணுக்குத் துணிவேது என்று கேட்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

அடைத்த கதவுகள்

இக்கலை பிறந்த குளிர்நாடுகளிலும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. உலகச் சாம்பியன் போட்டி 1896ஆம் ஆண்டு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கியபோது ஆண்கள் மட்டுமே அதில் ஆடினர். பெண்கள் வரக்கூடாதென்று விதியில் எழுதப்படவில்லை. வரமாட்டார்கள் என்னும் நம்பிக்கையால் எழுதாமல் விட்டனர் போலும். 1902ஆம் ஆண்டு இலண்டனில் மேட்ஜ் சயர்ஸ் என்னும் ஆங்கில மாது தம் பெயரைக் கொடுத்தார். தடுக்க விதியில்லை, ஆடினார், இரண்டாம் இடத்தைப் பெற்றார். அவரை முந்தியவர், இன்றும் ஒரு தாவலுக்குத் தம் பெயரைத் தந்து நிற்கும் சுவீடன் நாட்டு உல்ரிக் சால்கோவ் ஒருவரே. உடனே அடுத்த ஆண்டு பெண்களுக்குத் தடைவிதி பிறந்தது. நீண்ட பாவாடை கால்களை மறைப்பதால் நடுவர்கள் மதிப்பிட இயலாது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பாவாடையைக் குறைத்தால் தீரும் குறைக்குப் பெண்ணையே விலக்கிய நியாயம் நமக்குப் புதியதன்று.

எனினும் 1906ஆம் ஆண்டில் பெண்களுக்குத் தனிப்போட்டி ஏற்பட்டது. அதிலும் சயர்ஸ் அம்மையாரே வென்றார். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இணைச் சறுக்கும் முதன்முதல் இடம்பெற்றது. தங்கத்தை ஜெர்மனியின் அன்னா ஹூப்ளர், ஹைன்ரிக் புர்கர் இணை அடைந்தது. சயர்ஸ் அம்மையார் பெண்கள் பிரிவில் தங்கமும், கணவர் எட்கரோடு இணைப் பிரிவில் வெண்கலமும் பெற்றார்.

பெண்ணுக்குத் திறந்த கதவு நிறத்துக்குத் திறக்கப் பின்னும் நெடுநாளாயிற்று. அமெரிக்காவில் மேபல் ஃபேர்பாங்க்ஸ் என்னும் கறுப்பின மாது சிறந்த சறுக்குநராக இருந்தும், நிறத்தின் காரணமாகச் சங்கங்களில் சேரவும் போட்டிகளில் ஆடவும் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. அவர் கேளிக்கைக் காட்சிகளில் ஆடிப் பிழைத்தார். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவ்வாறு கற்பிக்கையில், தாய் பபிலோனியா என்னும் சிறுமியையும் ராண்டி கார்ட்னர் என்னும் சிறுவனையும் கைகோக்கச் செய்து இணையாக்கினார். சிறுமியின் உடலில் ஓடியது கறுப்பினத்தாரும் பிலிப்பினோக்களும் அமெரிக்கப் பழங்குடியினரும் கலந்த இரத்தம், சிறுவன் வெள்ளையன். அந்த இணை 1979ஆம் ஆண்டு வியன்னாவில் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் கார்ட்னருக்கு ஏற்பட்ட காயத்தால் ஆடாமலே விலக நேர்ந்தது வேறு கதை. மேபல் அம்மையாரை அமெரிக்கச் சறுக்கு உலகம் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்தது 1997ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு எண்பதைக் கடந்த வயது. தாம் நுழைய முடியாத வாயிலில் தம் மாணாக்கரை நுழைத்தவர் அவர்.

டார்ட்மண்டில் எழுந்த சிரிப்பு

இனி நம் கட்டுரையின் நடுநாயகமான சரித்திரத்துக்கு வருவோம். அது சீன நாட்டு ஷென் ஷுவே என்னும் பெண்மணியின் ஆட்ட வாழ்க்கை. ஆயினும் அவ்வாழ்க்கையை அவர் பிறப்பிலிருந்து தொடங்கினால் பாதியே சொன்னவர்களாவோம். அது தொடங்கியது அவருடைய ஆசிரியரின் தோல்வியில்.

1980ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்குச் சீனா முதன்முறையாகத் தன் சறுக்குநர்களை அனுப்பிற்று. இணைப் பிரிவில் சென்றவர்கள் யாவ் பின் என்னும் வாலிபரும் லுவான் போ என்னும் பெண்ணும். அந்நாளில் அவர்களுக்குக் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர் இல்லை. புகைப்படங்களைப் பார்த்து, இந்நிலைக்கு முன் கால் எங்கே இருந்திருக்கும், பின் எங்கே செல்லும் என்று தாமே ஊகித்துப் பழகியவர்கள் அவர்கள். ஓடும் ஆற்றின் படத்தைப் பார்த்து நீச்சல் கற்பது போன்ற காரியம் அது! களத்தில் இறங்கினர், தடுமாறினர், கூடியிருந்தோர் சிரித்தனர். முடிவில் கடைசி இடம். 1984ஆம் ஆண்டு சாரயேவோ ஒலிம்பிக்கிலும் அவ்விணைக்குக் கடைசி இடமே கிடைத்தது.

அக்காலத்தில் இணைச் சறுக்கு என்றால் சோவியத் நாடு என்றே பொருள். லுத்மிலா பெலுசோவா, ஒலெக் புரோத்தபோப்போவ் தம்பதியர் 1964, 1968 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றனர். பின்வந்த இரினா ரோட்னினா, இரு துணைவர்களோடு ஆடி, 1969 முதல் 1978 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்களும், மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் குவித்தார். இத்தகையோர் நடுவே சீனர் சறுக்குவதைக் கண்டவர்கள், இக்கலை இவர்களுக்கு வாய்க்காதது என்று முடிவு கட்டியிருந்தால் வியப்பில்லை.

யாவ் பின் அம்முடிவை ஏற்கவில்லை. ஆட்டத்தை விட்டபின் ஆசிரியரானார். தமக்குத் தெரியாதிருந்தது எது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. சீனத்தின் வடகோடியில், குளிர்காலத்தில் ஆறே உறைந்துவிடும் ஹார்பின் நகரில் 1992ஆம் ஆண்டு, துணைவியை இழந்து நின்ற சாவ் ஹோங்போ என்னும் வாலிபரோடு, பதின்மூன்று வயதுச் சிறுமியான ஷென் ஷுவேயை இணைத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஐந்து வயது வித்தியாசம்.

பதினெட்டு ஆண்டுகள்

இவ்விணையின் கணக்கை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1996ஆம் ஆண்டு உலகப் போட்டியில் பதினைந்தாம் இடம். 1997இல் பதினொன்றாம் இடம். 1998ஆம் ஆண்டு நாகானோ ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். 1999இலும் 2000இலும் உலகப் போட்டியில் வெள்ளி. இதில் திடீர் அற்புதம் எங்கும் இல்லை. படிப்படியாக ஏறிய ஏணியே காணப்படுகிறது. தாவலிலும் வீச்சிலும் அவர்களை மிஞ்சுவோர் அரிது என்றாயிற்று. அப்போது, "உடற்பயிற்சி உண்டு, கலையழகு இல்லை" என்று சிலர் குறை கூறினர். அக்குறையையும் அவர்கள் பாடமாகவே கொண்டு, இசைக்கு இயைய ஆடக் கற்றனர்.

2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், எவரும் போட்டியில் செய்து காட்டத் துணியாத நான்கு சுற்று வீச்சுத் தாவலை முயன்றனர். ஷென் ஷுவே விழுந்தார். வெண்கலம் கிடைத்தது. அதே போட்டியில் ருஷ்ய இணைக்கும் கனடா இணைக்கும் இடையே தங்கம் யாருக்கு என்னும் வழக்கில் நடுவர்களின் நேர்மையே சந்திக்கு வந்து, இரு இணைகளுக்கும் தங்கம் வழங்கப்பட்டதும், அதன் விளைவாக நெடுநாள் வழங்கிவந்த 6.0 மதிப்பெண் முறையே ஒழிந்து புதுமுறை வந்ததும் சரித்திரம். அந்தக் கூச்சலில் மூன்றாமிடத்து இணையைப் பலர் கவனிக்கவில்லை. சில வாரங்களில் நாகானோவில் நடந்த உலகப் போட்டியில் அவர்கள் தங்கம் வென்றனர். உலகப் பட்டம் பெற்ற முதற் சீன இணை என்னும் பெருமை அன்று உண்டாயிற்று.

அடுத்த ஆண்டு வாஷிங்டனில் பட்டத்தைக் காக்க வந்தபோது, பயிற்சியில் ஷென் ஷுவேயின் காலில் அடிபட்டது. வலி தெரியாதிருக்க மருந்து செலுத்திக்கொண்டு களமிறங்கினார். எந்தக் கால் இறங்கவேண்டுமோ அந்தக் காலே மரத்துக் கிடக்க, ஒரு பிழையுமின்றி ஆடிமுடித்தார். நடுவர் சிலர் முழு மதிப்பெண்ணாகிய 6.0 அளித்தனர், சபையோர் எழுந்து நின்றனர். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் டார்ட்மண்டில் சிரிப்பைக் கேட்ட மனிதர், மாணவியின் பக்கத்தில் நின்று இந்த ஆரவாரத்தையும் கேட்டார்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் வேறொரு சோதனை வந்தது. சாவ் ஹோங்போவின் குதிகால் நரம்பு அறுந்தது. தூக்குவோனின் கால் முறிந்தால் துணைவியின் எதிர்காலமும் அதோடு முறியும். இவ்விடத்தில்தான் இணைக் கலையின் தருமம் வெளிப்படுகிறது. ஷென் ஷுவே வேறு துணை தேடவில்லை. ஆறே மாதங்களில் அவர்கள் தூரின் ஒலிம்பிக்கில் இறங்கி மறுபடியும் வெண்கலம் பெற்றனர். 2007ஆம் ஆண்டு டோக்கியோவில் மூன்றாம் முறை உலகப் பட்டம் வென்றனர். அப்பனிக்களத்திலேயே சாவ் ஹோங்போ மண்டியிட்டுத் தம்மை மணக்கக் கேட்டார். பதினைந்து ஆண்டு ஒருவர் கையை ஒருவர் நம்பிப் பழகியபின், ஒருவரையொருவர் நேரிற் கேட்டுச் செய்துகொண்ட மணம் அது. ஜாதகக்கட்டைப் பார்த்து, பெண்ணின் விருப்பத்தை மட்டும் கேளாமல் முடிக்கும் நம்மவர் கல்யாணங்களோடு இதை ஒப்பிட்டுக்கொள்வது வாசகர் விருப்பம்.

பிறகு இரண்டு ஆண்டுகள் போட்டியை விட்டு ஒதுங்கியிருந்தனர். வேண்டிய புகழெல்லாம் வந்துவிட்டது. ஒலிம்பிக் தங்கம் ஒன்றுதான் வரவில்லை. அவ்வொன்றுக்காகத் திரும்பினர். 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், சீனப் புத்தாண்டின் மறுநாள், கனடாவின் வான்கூவர் நகரில் 216.57 மதிப்பெண் பெற்றுத் தங்கம் வென்றனர். அப்போது ஷென் ஷுவேக்கு வயது 31; சாவ் ஹோங்போவுக்கு 36. 1964 முதல் 2006 வரை பன்னிரண்டு ஒலிம்பிக்குகளில் சோவியத் நாட்டாரும் பின்னர் ருஷ்யரும் விடாது வைத்திருந்த பட்டம் அன்று கைமாறிற்று. வெள்ளியையும் பெற்றது மற்றொரு சீன இணையே. அதற்கும் ஆசிரியர் யாவ் பின்!

அன்று சிரிக்கப்பட்ட மற்றொருவரான லுவான் போ என்னவானார்? பெண்கள் சரித்திரத்தில் மறக்கப்படுவது வழக்கமாதலால் இக்கேள்வியை வற்புறுத்திக் கேட்கிறோம். அவரும் ஆசிரியையானார். அவர் ஹார்பினில் சுய் வென்ஜிங், ஹான் ஸோங் என்னும் இளையோரைப் பயிற்றினார். அவ்விணை பிற்காலத்தில் வேறு ஆசிரியர்களிடம் சென்று முதிர்ந்து, 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தம் சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் தங்கம் வென்றது. டார்ட்மண்டில் விழுந்த இருவரின் கைகளிலிருந்தும் ஆளுக்கொரு ஒலிம்பிக் தங்கம் முளைத்திருக்கிறது.

உழைப்பு மட்டும் போதுமா?

இச்சரித்திரத்தைப் படித்துவிட்டு, "முயன்றால் முடியாததில்லை" என்று மட்டும் சொல்லி முடித்தால் நாம் வாசகரை ஏமாற்றியவர்களாவோம். முயற்சிக்குக் களம் வேண்டும். ஷென் ஷுவேக்குக் களத்தையும் ஆசிரியரையும் உணவையும் அவருடைய நாட்டு அரசாங்கம் அளித்தது. தனிக் குடும்பம் ஒன்று பதினெட்டு ஆண்டுகள் அச்செலவைத் தாங்கியிராது. திறமை குலத்தில் இல்லை என்பது எவ்வளவு உண்மையோ, வாய்ப்பு எல்லாக் குலத்துக்கும் சமமாக வைக்கப்படவில்லை என்பதும் அவ்வளவு உண்மை.

இதை மனத்திற் கொண்டு மறுபடியும் சுபாங் ஜெயாவுக்கு வருவோம். பேரங்காடியில் பனிக்களம் திறந்த அதே 1997ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் பிறந்தவர் ஜூலியன் யீ. நான்கு வயதில் சறுக்கத் தொடங்கிய அவர், பொதுமக்கள் வந்து விளையாடும் அந்தக் களத்திலேயே பழகினார். பின்னர் கனடா சென்று பயிற்சி பெற்றார். 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் பனிச்சறுக்கு முதல் முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் தனிப்பிரிவில் தங்கம் வென்றார். அடுத்த மாதம் ஜெர்மனியில் நடந்த தகுதிப் போட்டியில் ஒலிம்பிக் இடத்தைப் பெற்றார். 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங்கில், மலேசியா முதன்முதலாகக் கலந்துகொண்ட குளிர்கால ஒலிம்பிக்கில், நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவர் அவரே. குறுகிய ஆட்டத்தில் 24 பேர் அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம். அவருக்குக் கிடைத்தது இருபத்தைந்தாம் இடம். ஒரே ஒரு படி குறைந்தது.

அதைத் தோல்வி என்று சொல்வோர் டார்ட்மண்டை நினைக்க வேண்டும். யாவ் பின்னின் கடைசி இடம் எதற்கு அடித்தளமாயிற்றோ, அதற்கு இந்த இருபத்தைந்தாம் இடமும் ஆகலாம். நான்கு ஆண்டுகளுக்கு முன், 2014இல், அண்டை நாடான பிலிப்பைன்ஸில் பேரங்காடிக் களத்தில் பழகிய மைக்கேல் மார்ட்டினெஸ் ஒலிம்பிக் சென்று நெடிய ஆட்டத்துக்கும் தகுதி பெற்றுக் காட்டினார். ஆகவே வெப்ப நாட்டவருக்கு இக்கலை வாராது என்னும் பேச்சு பொய்த்துவிட்டது.

ஆனால் இவர்கள் இருவரும் தனியாகச் சறுக்கியவர்கள் என்பதை நோக்குக. 2017ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டிலும் ஆண், பெண் தனிப்பிரிவுகளே இருந்தன, இணைப்பிரிவு இல்லை. காரணம் வெளிப்படை. தனியொருவர் கூட்டத்தின் நடுவே வளைந்து நெளிந்து, விடியற்காலையிலோ இரவிலோ கிடைத்த நேரத்தில் பழகிக்கொள்ளலாம். நூறு பிள்ளைகள் விழுந்து எழும் களத்தில் ஒரு பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வேகமாகச் செல்வது எப்படி? அவளை எறிவது எங்கே? இணைக்குக் கூட்டமில்லாத களம் வேண்டும்; இருவரையும் ஒருசேரப் பார்க்கும் ஆசிரியர் வேண்டும்; இரண்டு குடும்பங்கள் பல்லாண்டுகள் மனம் மாறாதிருக்க வேண்டும். ஒரு குடும்பம் பணமில்லாமல் நின்றாலும் இரு பிள்ளைகளின் கலையும் நின்றுவிடும்.

நாம் செய்யத்தக்கது

தோட்டத்து நண்பர்கள் கேட்கலாம்: "எங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகும் பேருந்துக் கட்டணத்துக்கே திண்டாடுகிறோம், எங்களிடம் பனிச்சறுக்கைப் பற்றி உபதேசமா?" கேள்வி நியாயமானதே. எல்லாப் பிள்ளைகளையும் பனிக்களத்துக்கு அனுப்புங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. நாம் சொல்வது வேறு. பிள்ளை ஒரு கலையை நாடும்போது, "இது நமக்கு ஆகாது, நம் வழக்கத்தில் இல்லை" என்னும் சொல் நம் வாயிலிருந்து முதலில் புறப்படக்கூடாது. பணமில்லை என்று சொன்னால் அது உண்மை. அதற்குப் பரிகாரமும் தேடலாம். ஆகாது என்று சொன்னால் அது பொய். அதற்குப் பரிகாரமே இல்லை. சீனருக்கு ஆகாது என்றனர். கறுப்பருக்கு ஆகாது என்றனர். பெண்ணுக்கு ஆகாது என்று விதியே எழுதினர். அவ்வாறு சொன்னவர்களின் பெயர்கள் இன்று யாருக்கும் தெரியவில்லை.

நகரத்தில் வசதியுடன் வாழும் நம்மவருக்கும் ஒரு வார்த்தை. திருவிழாவில் ஒரே இரவில் வாணமாகவும் ஒலிபெருக்கியாகவும் கரையும் பணத்தில் ஒரு பகுதி, பிள்ளைகளின் கலைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கப்பட்டால் அது பல ஆண்டுகள் பலன் தரும். நீச்சலோ, பூப்பந்தோ, பனிச்சறுக்கோ எதுவாயினும் சரி. கற்கத் துடிக்கும் ஏழைப் பிள்ளை ஒன்றுக்குக் காலணியும் கட்டணமும் கொடுத்து உதவ நம் சங்கங்கள் முன்வருமா? அவ்வுதவி பெறும் பிள்ளை முதல் ஆண்டிலேயே பதக்கம் கொண்டுவரவில்லை என்று கைவிடாமல் இருக்குமா? யாவ் பின்னுக்கும் ஷென் ஷுவேக்கும் இடையில், டார்ட்மண்டிலிருந்து வான்கூவருக்கு வர, முப்பது ஆண்டுகள் ஆயின என்பதை மறவாதிருப்போம்.

அன்று மாலை நாம் களத்தை விட்டுப் புறப்படும் நேரத்தில் அந்தச் சிறுமி மூன்றாம் முறையாகவோ நான்காம் முறையாகவோ விழுந்திருந்தாள். பக்கத்தில் சறுக்கிவந்த வேற்றினச் சிறுவன் ஒருவன் நின்று கை கொடுத்தான். அவள் தயங்கினாள், பாட்டியாரைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டியார் கையை அசைத்து, "பிடிச்சுக்கிட்டு எந்திரி, தாயீ!" என்றார். பிள்ளைகள் இருவரும் கைகோத்தபடி களத்தின் பாதியைச் சுற்றி வந்தனர். அம்மூதாட்டி பால்மரம் வெட்டிய மண்ணுக்கு அண்மையிலேயே அவர் பேத்தி இன்று விழவும் எழவும் கற்கிறாள். அவள் எவ்வளவு தூரம் செல்வாள் என்பது அவளுடைய காலைப் பொறுத்தது. களம் அவளுக்குத் திறந்திருக்குமா என்பது நம்மைப் பொறுத்தது.